குற்றவியல் நீதி முறை: மனு ரசீது முதல் சிறைக் கதவு வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குற்ற வழக்கு ஒன்றில் சிக்கியவரோ, குற்றத்தால் பாதிக்கப்பட்டவரோ, அவர்களுடைய வீட்டாரோ முதல் சில நாட்களில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், இந்த முறை எப்படி இயங்குகிறது என்பதை அந்தக் கேள்விகளின் வரிசையிலேயே இங்கே விளக்கியிருக்கிறோம். இந்த முறையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு காகிதமும் ஒரு கெடுவும் உண்டு. அவற்றைக் கேட்டு வாங்கத் தெரிந்தவருக்குத்தான் சட்டம் தந்திருக்கும் பாதுகாப்பு முழுமையாகக் கிடைக்கிறது என்பதால், பதில்கள் எல்லாவற்றிலும் அவ்விரண்டையும் அழுத்திச் சொல்லியிருக்கிறோம்.

குற்றவியல் நீதி முறை என்பது என்ன? அதில் யார் யாருக்கு என்ன வேலை?

கடன் வாங்கியவர் திருப்பித் தரவில்லை என்று நீங்கள் வழக்குப் போட்டால் அது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான உரிமையியல் வழக்கு. ஆனால் ஒருவர் உங்கள் வீட்டுக் கதவை உடைத்து நகையைத் திருடினால், அது உங்களுக்கு மட்டும் இழைத்த தீங்காக அல்லாமல் சமூகத்துக்கே இழைத்த தீங்காகக் கொள்ளப்படுவதால், அரசே வழக்கை நடத்துகிறது. காவல்துறை புலன்விசாரணை செய்கிறது; அரசு வழக்கறிஞர் வழக்கை நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்கிறார்; நீதிபதி தீர்ப்பளிக்கிறார்; சிறைத்துறை தண்டனையை நிறைவேற்றுகிறது. காவல்துறையும் சிறைத்துறையும் மாநில அரசின் கீழ் வருகின்றன. குற்றவியல் சட்டத்தை மத்திய, மாநில அரசுகள் இரண்டுமே இயற்றலாம்.

இந்த நான்கு அமைப்புகளும் ஒருவர் கைக்குள் இருக்கக் கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. பிடித்தவரே விசாரித்து, அவரே தீர்ப்பும் சொல்லி, அவரே அடைத்து வைத்தால் அங்கே நீதி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு மனிதனின் சுதந்திரத்தைப் பறிக்கும் அதிகாரம் மிகப் பெரியது. அதனால்தான் அதைப் பங்கு போட்டு, ஒவ்வொரு பங்கும் மற்றதற்கு எழுத்தில் கணக்குச் சொல்லும்படி வைத்திருக்கிறார்கள்.

2024இல் சட்டங்கள் மாறிவிட்டனவாமே? பழைய வழக்குகள் என்ன ஆகும்?

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம் ஆகிய மூன்றும் நீங்கி, பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதிநியம் ஆகியவை 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. நீதிமன்ற வளாகத்தில் இவற்றை பி.என்.எஸ்., பி.என்.எஸ்.எஸ்., பி.எஸ்.ஏ. என்றே சொல்வார்கள். கொலைக்கு இருந்த 302ஆம் பிரிவு இப்போது 103 ஆகவும், கொலை முயற்சிக்கு இருந்த 307 இப்போது 109 ஆகவும், மோசடிக்கு இருந்த 420 இப்போது 318(4) ஆகவும் மாறியிருக்கின்றன.

அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். அதனால் இன்னும் பல ஆண்டுகளுக்கு இரண்டு எண்களும் நீதிமன்றங்களில் புழங்கிக்கொண்டுதான் இருக்கும்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். மனு ரசீது கொடுத்தார்கள். வழக்குப் பதிவாகிவிட்டது என்று பொருளா?

இல்லை. தமிழ்நாட்டில் மிக அதிகமானோர் ஏமாறும் இடம் இதுதான். சி.எஸ்.ஆர். என்று சொல்லப்படும் மனு ரசீது, உங்கள் மனு நிலையத்துக்கு வந்து சேர்ந்தது என்பதற்கான அத்தாட்சி மட்டுமே. அதில் ஓர் எண்ணும் தேதியும் இருக்கும். குற்றப் பிரிவு எதுவும் இருக்காது. அது நீதிமன்றத்துக்கும் போகாது. முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர்., வேறு. அதில் குற்ற எண், சட்டப் பிரிவுகள், சம்பவம் நடந்த இடம், நேரம், தகவல் தந்தவரின் கையெழுத்து எல்லாம் இருக்கும். அதன் அசல் நீதித்துறை நடுவருக்கு (மாஜிஸ்திரேட்) அனுப்பப்படும். வழக்கின் கடிகாரம் ஓடத் தொடங்குவது அதிலிருந்துதான்.

பிடியாணை இல்லாமலே காவல்துறை கைது செய்யத்தக்க குற்றம் ஒன்று நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு இதில் ஒரு விலக்கு வைத்திருக்கிறது: மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றமாக இருந்தால், காவல் துணைக் கண்காணிப்பாளரின் (டி.எஸ்.பி.) அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தி முடிவு செய்யலாம். இந்த விலக்கைக் காட்டி மாதக்கணக்கில் மனுவைக் கிடப்பில் போட முடியாது. 14 நாள் என்றால் 14 நாள்தான்.

எஃப்.ஐ.ஆர். நகலைத் தகவல் தந்தவருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். சம்பவம் வேறு நிலையத்தின் எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பெற்று, பதிந்து, உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும். மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியில் அனுப்பிய புகாருக்கு மூன்று நாட்களுக்குள் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும்.

பதிய மறுத்தால் என்ன செய்வது?

புகாரை எழுத்தில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மாநகரமாக இருந்தால் ஆணையர் அலுவலகத்துக்கு. அங்கேயும் பயனில்லை என்றால், அந்தத் தபால் ரசீதையும் புகார் நகலையும் ஓர் உறுதிமொழிப் பத்திரத்தோடு இணைத்து, வழக்குப் பதிய உத்தரவிடும்படி நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யலாம். இந்தப் படிகளைத் தாண்டி நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போனால் பெரும்பாலும் கீழேயே திருப்பி அனுப்புவார்கள். தபால் ரசீதைத் தொலைத்தவர்கள் படும் பாடு கொஞ்சமல்ல; அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

"விசாரணை இருக்கிறது, நிலையத்துக்கு வா" என்று தொலைபேசியில் அழைத்தால் போக வேண்டுமா?

சாட்சியாக அழைப்பதானால் எழுத்து மூலமான அழைப்பாணை தர வேண்டும். பெண்கள், 15 வயதுக்கு உட்பட்ட அல்லது 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 179ஆம் பிரிவு சொல்கிறது. அவர்களாக விரும்பினால் மட்டுமே நிலையத்துக்குச் செல்லலாம்.

குற்றம் சாட்டப்பட்டவராக அழைப்பதானால், கைது தேவைப்படாத வழக்கில் 35(3) பிரிவின்படி அறிவிப்புத் தர வேண்டும். அந்த அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவது முறைப்படி சேர்ப்பித்ததாக (சார்வு) ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2025இல் தெளிவுபடுத்தியது. அறிவிப்பை முறைப்படி பெற்றவர் கட்டாயம் ஆஜராக வேண்டும்; ஆஜராகி ஒத்துழைப்பவரைக் காரணம் எழுதாமல் கைது செய்ய முடியாது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்று: காணொளி அழைப்பில் சீருடையோடு தோன்றி "டிஜிட்டல் அரெஸ்ட்" செய்திருக்கிறோம் என்று மிரட்டிப் பணம் கேட்பவர்கள் மோசடிக்காரர்கள். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் எங்குமே இல்லை.

கைது செய்யும்போது காவல்துறை கடைப்பிடிக்க வேண்டியவை எவை?

கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். அதை எழுத்திலேயே, கைதானவருக்குப் புரியும் மொழியிலேயே தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 முதல் தொடர்ச்சியான தீர்ப்புகளில் சொல்லிவந்து, 2025 நவம்பரில் எல்லா வகைக் குற்றங்களுக்கும் அதை விரிவாக்கியது. உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். கைதுக் குறிப்பாணையில் குடும்பத்தவரோ ஊரைச் சேர்ந்த ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். சூரியன் மறைந்த பின் உதிப்பதற்கு முன் பெண்களைக் கைது செய்யக் கூடாது; தவிர்க்க முடியாத நிலையில் நடுவரின் முன் அனுமதி பெற்று, பெண் காவல் அலுவலரே செய்ய வேண்டும். மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றத்தில் 60 வயதைக் கடந்தவரையோ உடல் தளர்ந்தவரையோ கைது செய்யத் துணைக் கண்காணிப்பாளரின் அனுமதி வேண்டும். இவற்றில் பல, டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளிலிருந்து சட்டத்துக்குள் வந்தவை.

எல்லாவற்றிலும் முக்கியமானது 24 மணி நேரம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நேரில் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 22ஆம் உறுப்பே கட்டளையிடுகிறது.

நடுவர் முன் நிறுத்துவது வெறும் சடங்குதானே?

அப்படி ஆகிவிடக் கூடாது என்பதை உணர்த்த சாத்தான்குளம் ஒன்றே போதும். ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்ற பிரச்சினையில் 2020 ஜூன் 19ஆம் தேதி தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் வணிகர் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். மறுநாள் ரிமாண்ட் செய்யப்பட்டு, அதாவது காவலில் வைக்க நடுவர் ஆணையிட்டு, பக்கத்துச் சிறைகளைத் தாண்டி வெகுதூரத்தில் இருக்கும் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். ஜூன் 22 இரவு மகன் இறந்தார்; சில மணி நேரத்தில், 23 அதிகாலையில் தந்தையும் இறந்தார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, அந்த நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் ஒருவர் இரவு முழுவதும் அவர்களை அடித்ததைத் துணிந்து வாக்குமூலமாகத் தந்தார், பின்னர் சி.பி.ஐ. காவலர்கள் ஒன்பது பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

ரிமாண்ட் நேரத்தில் நடுவர் கைதியை அருகில் அழைத்து, "உங்களை அடித்தார்களா? காயம் இருக்கிறதா? வீட்டுக்குத் தகவல் சொன்னார்களா? வழக்கறிஞர் இருக்கிறாரா?" என்று கேட்டு, பதிலை எழுத வேண்டும். காவல்துறை ஆள் அருகில் நிற்கிறார் என்று பயப்படாமல் கைதி பேசக்கூடிய முதல் இடமும், சில சமயம் ஒரே இடமும் அதுதான். அந்த ஐந்து நிமிடம் ஒழுங்காக நடந்தால் உயிர்கள் காப்பாற்றப்படும். காயம் இருந்தால் அதைச் சொல்லுங்கள், காட்டுங்கள், ஆணையில் எழுதும்படி கேளுங்கள். 2020 டிசம்பரில் எல்லாக் காவல் நிலையங்களிலும் கண்காணிப்பு கேமரா பொருத்த உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருப்பதால், சந்தேகம் எழுந்தால் அந்தப் பதிவுகளைப் பாதுகாத்து வைக்கும்படி உடனே மனுச் செய்வதும் அவசியம். தாமதித்தால் பதிவு அழிந்துபோகும்.

நீதிமன்றக் காவலுக்கும் போலீஸ் காவலுக்கும் என்ன வேறுபாடு?

நீதிமன்றக் காவலில் கைதி சிறையில் இருப்பார். நடுவரின் அனுமதியின்றிக் காவல்துறை அவரை விசாரிக்க முடியாது. போலீஸ் காவலில் அவர் புலன்விசாரணை அலுவலரின் பொறுப்பில் இருப்பார். போலீஸ் காவல் மொத்தம் 15 நாட்களைத் தாண்டக் கூடாது. பழைய சட்டப்படி அந்த 15 நாட்களும் கைதான முதல் 15 நாட்களுக்குள்ளேயே முடிந்துவிட வேண்டியிருந்தது. புதிய சட்டத்தில், வழக்கைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாட்களுக்குள் பிரித்துப் பிரித்துக் கேட்கலாம் என்று மாற்றிவிட்டார்கள். சிறைக்குப் போன பிறகாவது நிம்மதியாக இருக்கலாம் என்ற நிலையை இது குலைத்துவிட்டது என்பதும், ஜாமீன் மனுவை எதிர்க்க இது ஒரு சாக்காகப் பயன்படக்கூடும் என்பதும் நியாயமான கவலைகள்.

ஜாமீன் யாருக்குக் கிடைக்கும்? கிடைத்த பிறகும் சிலர் ஏன் உள்ளேயே இருக்கிறார்கள்?

ஜாமீனில் விடத்தக்க குற்றங்களில் ஜாமீன் உரிமை. நிலையத்திலேயே தர வேண்டும். ஜாமீனில் விடத்தகாத குற்றம் என்றால் ஜாமீனே கிடையாது என்று பொருளல்ல. தருவதா வேண்டாமா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும் என்பதே பொருள். தப்பி ஓடுவாரா, சாட்சிகளைக் கலைப்பாரா, ஆதாரங்களை அழிப்பாரா என்பவையே முதன்மையான அளவுகோல்கள். கைதுக்கு முன்பே அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ முன்ஜாமீன் கேட்கலாம்.

இவற்றிலிருந்து தனித்து நிற்பது, குற்றப்பத்திரிகை கெடுவுக்குள் வராததால் கிடைக்கும் கட்டாய ஜாமீன். மரண தண்டனை, ஆயுள் அல்லது பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் 90 நாள், மற்றவற்றில் 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் வழக்கின் தன்மை என்னவாக இருந்தாலும் ஜாமீனில் விட்டாக வேண்டும். ஆனால் கேட்க வேண்டும். அதுவும் குற்றப்பத்திரிகை வந்து சேர்வதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். 61ஆம் நாள் காலை நீதிமன்றம் திறக்கும்போது மனுவோடு வழக்கறிஞர் நிற்க வேண்டும் என்பது இதனால்தான். சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் போன்ற சிறப்புச் சட்டங்களில் இந்தக் கெடுவை 180 நாள் வரை நீட்டிக்க முடியும்.

ஜாமீன் ஆணை கையில் இருந்தும் சிறையில் கிடப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள். நம் நீதிமன்றங்களின் ஆணைகளில், இரண்டு பிணைதாரர்கள் வேண்டும், அவர்களில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும், தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் வழக்கமாக இருக்கும். வெளி மாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த இளைஞருக்கு இங்கே ரத்த உறவு எங்கிருந்து வரும்? அன்றாடக் கூலிக்குப் போகிறவர் 10.30 மணிக்கு நிலையத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எந்த வேலைக்குப் போவார்? இத்தகைய நிபந்தனைகளைத் தளர்த்தக் கோரித் தனி மனுப் போடலாம், போட வேண்டும். ஜாமீன் கிடைத்து ஏழு நாளாகியும் வெளியே வராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தகவல் தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நெறிப்படுத்தியிருக்கிறது.

இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் இன்னும் தண்டிக்கப்படாத விசாரணைக் கைதிகள். முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கையும், மற்றவர் பாதியையும் கழித்துவிட்டால் பிணையில் விட வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு சொல்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், வேறு வழக்குகளும் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. மனுப் போடும் பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளருடையது.

வழக்கறிஞர் வைக்கப் பணம் இல்லை என்றால்?

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோர் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் பெற உரியவர்கள் என்று 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் கூறுகிறது. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் வட்ட அளவிலும் இந்த ஆணைக்குழுக்களின் அலுவலகங்கள் இருக்கின்றன; 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். 1979இல் உசைனாரா கத்தூன் வழக்கில், சாட்டப்பட்ட குற்றத்துக்குரிய தண்டனையைவிட நீண்ட காலம் பீகார் சிறைகளில் விசாரணைக் கைதிகளாகவே கிடந்தவர்கள் வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான், விரைவான விசாரணையும் இலவசச் சட்ட உதவியும் அடிப்படை உரிமையின் பகுதி என்று நிலைபெற்றது.

குண்டர் சட்டத்தில் உள்ளே போட்டார்கள் என்கிறார்களே, அது தண்டனையா?

தண்டனை அல்ல, அதில் விசாரணையே கிடையாது. தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆம் எண் சட்டத்தின் கீழ், ஒருவர் வெளியே இருந்தால் பொது ஒழுங்குக்குக் கேடு விளையும் என்று கருதி, மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ போடும் தடுப்புக் காவல் ஆணை அது. கள்ளச்சாராயம், போதைப்பொருள், மணல் கடத்தல், பாலியல் குற்றம், இணையக் குற்றம் எனப் பல வகையினரும் இதற்குள் வருவார்கள். 12 மாதம் வரை அடைத்து வைக்கலாம். உயர் நீதிமன்ற நீதிபதியோ நீதிபதியாக இருந்தவரோ தலைமையேற்கும் அறிவுரைக் குழுமம் அதைப் பரிசீலிக்கும். அங்கே வழக்கறிஞர் மூலம் வாதாடும் உரிமை இல்லை.

பரிகாரம் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் ஆட்கொணர்வு மனு, அதாவது அடைத்து வைத்திருப்பது சட்டப்படி சரியா என்று கேட்கும் மனு. விடுவிக்கும்படி அடைக்கப்பட்டவர் தந்த கோரிக்கை மனுவைப் பரிசீலிக்க அரசு எடுத்துக்கொண்ட விளக்கமில்லாத தாமதம், இணைத்துத் தந்த ஆவணங்களில் படிக்க முடியாத பக்கங்கள், தமிழ் மட்டுமே தெரிந்தவருக்கு மொழிபெயர்ப்புத் தராதது போன்ற காரணங்களால் இத்தகைய ஆணைகள் ரத்தாவது வழக்கமாக நடக்கிறது. ஆனால் மனு விசாரணைக்கு வருவதற்குள் பல மாதம் சிறையில் கழிந்துவிடுகிறது. விசாரணையில்லாத சிறை என்பது அரிதினும் அரிதாகவே இருக்க வேண்டும். சாதாரண வழக்கில் ஜாமீனைத் தடுக்கும் குறுக்குவழியாக அதைப் பயன்படுத்துவது சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது.

"போலீசிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்று செய்தியில் வந்துவிட்டால் கதை முடிந்ததா?

காவல் அலுவலரிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் சான்றாக ஏற்கப்படாது. அதன் விளைவாக ஒரு பொருள் புதிதாகக் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். நடுவர் முன், அவசரமில்லாமல் யோசிக்க அவகாசம் தந்து, "நீங்கள் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் உங்களுக்கு எதிராகப் பயன்படலாம்" என்று எச்சரித்த பிறகு பதியும் வாக்குமூலம் வேறு. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று அரசியல் சாசனத்தின் 20(3) உறுப்பு காக்கிறது.

விசாரணை எப்படி நடக்கும்? சாட்சிகள் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ்ந்துவிட்டால் வழக்கு தோற்றுவிடுமா?

குற்றப்பத்திரிகையின் நகல்கள் தரப்பட்டபின் நீதிமன்றம் குற்றச்சாட்டு வனையும், அதாவது எந்தக் குற்றத்துக்காக விசாரணை என்பதை எழுத்தில் வரையறுக்கும். பிறகு அரசுத் தரப்புச் சாட்சிகள், அவர்கள் மீது குறுக்கு விசாரணை, குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீதிபதி நேரடியாகக் கேட்கும் கேள்விகள், எதிர்த்தரப்புச் சாட்சிகள், வாதம், தீர்ப்பு. வாதம் முடிந்த 30 நாளில், மிஞ்சினால் 45 நாளில் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று புதிய சட்டம் வரையறுக்கிறது. நடுவில் போகும் வாய்தாக்களில்தான் ஆண்டுகள் கரைகின்றன: சாட்சிக்கு அழைப்பாணை சார்வாகவில்லை, புலன்விசாரணை அலுவலர் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிவிட்டார், தடய அறிவியல் அறிக்கை வரவில்லை, நீதிபதி பணியிடம் காலி. சாட்சிக் கூண்டில் ஏறும்போது சம்பவம் நடந்து ஐந்தாறு ஆண்டு ஆகியிருந்தால், உண்மையைச் சொல்ல வந்த சாட்சியே குறுக்கு விசாரணையில் தடுமாறுகிறார்.

பிறழ் சாட்சி என்றாலே வழக்கு விழுந்துவிடும் என்பதில்லை. கோகுல்ராஜ் வழக்கு இதற்குத் தக்க சான்று. 2015 ஜூன் 23ஆம் தேதி, பட்டியல் சாதியைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரியான கோகுல்ராஜ், திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்கு ஒரு பெண்ணுடன் போனபோது கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிப்பாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் உடல் கிடைத்தது. நாமக்கல்லில் நீதி கிடைக்காது என்று அவருடைய தாய் போராடி, வழக்கை மதுரைக்கு மாற்ற வைத்தார். முக்கியமான நேரடி சாட்சி பிறழ்ந்துவிட்ட நிலையிலும், கோயிலின் கண்காணிப்பு கேமராப் பதிவும் சங்கிலியாகக் கோத்த சூழ்நிலைச் சான்றுகளும் வழக்கைத் தாங்கிப் பிடித்தன. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளியான யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர், கேமரா எங்கே இருந்தது, படிகள் எந்தப் பக்கம் என்று அறிய, 2023 ஜனவரியில் திருச்செங்கோடு கோயிலுக்கே நேரில் வந்து பார்த்தார்கள். அந்த ஆண்டு ஜூனில் தீர்ப்பைப் பெருமளவு உறுதிசெய்தார்கள்.

சாட்சிகளைக் காக்க 2018ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. மிரட்டல் வந்தால் மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனுச் செய்யலாம். இப்படி ஒரு வழி இருப்பதே பல சாட்சிகளுக்கு யாரும் சொல்வதில்லை என்பது வேதனைக்குரியது.

இரு தரப்பும் சமாதானமாகிவிட்டால் வழக்கை முடித்துக்கொள்ளலாமா?

சிறு காயம், அவதூறு போன்ற சமரசத்துக்குரிய குற்றங்களில் முடியும். சிலவற்றுக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். மற்றவற்றில், தனிப்பட்ட தகராறின் தன்மை கொண்டதாக இருந்தால் உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம். கொலை, பாலியல் வன்கொடுமை போன்றவற்றில் சமரசத்துக்கு இடமில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் எழுதி வாங்கிய காகிதத்துக்கு அங்கே மதிப்பும் இல்லை.

சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை என்றால், குற்றவாளி தப்பிவிட்டார் என்றுதானே பொருள்?

குற்றத்தை நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் சுமை அரசுடையது. அதை இறக்கி வைக்க அரசு தவறினால் குற்றம் சாட்டப்பட்டவர் சட்டத்தின் கண்ணில் குற்றமற்றவரே. இந்த அளவுகோலைத் தளர்த்தினால் முதலில் அடிபடுபவர்கள் அறிமுகமும் பணமும் இல்லாதவர்கள். விடுதலை அதிகமாகிறது என்று வருந்துபவர்கள் புலன்விசாரணையின் தரத்தை நோக்கித்தான் கேள்வி எழுப்ப வேண்டும். போக்சோ (குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்), காசோலை மோசடி, வரதட்சணைச் சாவு போன்ற சிலவற்றில் மட்டும் அடிப்படை உண்மைகள் நிறுவப்பட்டபின் சுமை ஓரளவு எதிர்த்தரப்புக்கு மாறும்.

பாதிக்கப்பட்டவருக்கு இந்த முறையில் என்ன இடம்?

நெடுங்காலம் சாட்சி என்பதற்கு மேல் இடமே இல்லாமல் இருந்தது. இப்போது அரசு வழக்கறிஞருக்குத் துணையாகத் தன் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம். புலன்விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் காவல்துறை தெரிவிக்க வேண்டும். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், விடுதலையானால் மேல்முறையீடு செய்யும் உரிமை 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. எதிரி யாரென்றே தெரியாவிட்டாலும், வழக்கு விடுதலையில் முடிந்தாலும், இழப்பீடு கேட்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மனுச் செய்யலாம். அமில வீச்சு, பாலியல் வன்கொடுமை ஆகியவற்றால் பாதிக்கப்பட்டவருக்குத் தனியார் மருத்துவமனையும் உடனே இலவசச் சிகிச்சை தர வேண்டும், மறுப்பது குற்றம்.

ஆயுள் தண்டனை என்பது 14 ஆண்டுதானே?

இல்லை. ஆயுள் என்றால் ஆயுள் முழுவதும். 14 ஆண்டு என்பது, மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரை அரசு தண்டனைக் குறைப்பில் விடுவிப்பதற்கு முன் அவர் கழித்தாக வேண்டிய குறைந்தபட்சக் காலம். அதற்குப் பிறகு விடுதலை தானாக வராது. அரசியல் சாசனத்தின் 161ஆம் உறுப்பின்படி ஆளுநரும், 72ஆம் உறுப்பின்படி குடியரசுத் தலைவரும் தண்டனையைக் குறைக்கலாம். பேரறிவாளன் வழக்கில் மாநில அமைச்சரவையின் பரிந்துரை ஆளுநரிடம் ஆண்டுக்கணக்கில் தங்கிய நிலையில், அமைச்சரவையின் முடிவு ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்று கூறி, 142ஆம் உறுப்பின் கீழ் உச்ச நீதிமன்றமே 2022 மே 18ஆம் தேதி அவரை விடுவித்தது. அப்போது அவர் கைதாகி 31 ஆண்டு நெருங்கிவிட்டிருந்தது.

சிறைக்குள் கைதிக்கு உரிமை ஏதும் உண்டா?

நடமாடும் சுதந்திரத்தை இழந்தவர் மனிதர் என்ற தகுதியை இழப்பதில்லை. உறவினரைச் சந்திப்பது, வழக்கறிஞரோடு தனியே பேசுவது, சிகிச்சை, உழைப்புக்கு ஊதியம் ஆகியவை உரிமைகள். சிறைக்குள் சாதி பார்த்து அறை ஒதுக்குவதும் வேலை ஒதுக்குவதும் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்திருந்ததும், மோதலைத் தவிர்க்கத்தான் என்று அதற்குச் சொன்ன சமாதானமும் அந்தத் தீர்ப்பில் விரிவாக அலசப்பட்டு நிராகரிக்கப்பட்டன. பிரித்து வைத்து அமைதி காப்பது நிர்வாகத்தின் இயலாமையே. அதற்குக் கைதிகளின் சமத்துவத்தை விலையாகக் கொடுக்க முடியாது.

பல ஆண்டு சிறையில் இருந்துவிட்டு விடுதலையானவருக்கு அரசு இழப்பீடு தருமா?

தானாகத் தராது. தவறான வழக்கால் சிறைப்பட்டவருக்கு இழப்பீடு தரத் தனிச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018இல் தன் 277ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது; அப்படி ஒரு தனிச் சட்டம் வரவில்லை. உயர் நீதிமன்றத்தையோ உச்ச நீதிமன்றத்தையோ நாடிப் பெற வேண்டியிருக்கிறது. விடுதலையான பிறகும் 14 ஆண்டுக்கு மேல் பீகார் சிறையில் அடைபட்டிருந்த ருதுல் ஷாவுக்கு 1983இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு தந்ததே இதற்கு முன்னோடி. நாகர்கோவிலில் பிறந்த விண்வெளி விஞ்ஞானி நம்பி நாராயணன், 1994இல் உளவு வழக்கில் கைதாகி, அது ஆதாரமற்றது என்று முடிவான பிறகும் போராடி, 2018 செப்டம்பரில்தான் 50 லட்சம் ரூபாய் இழப்பீட்டுக்கான ஆணையைப் பெற்றார். இத்தகைய மனுவுக்குக் கைதுக் குறிப்பாணை, ரிமாண்ட் ஆணைகள், சிறைச் சான்று, தள்ளுபடியான ஜாமீன் மனுக்களின் நகல், விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் ஆகியவை வேண்டும். விடுதலையான வாரத்திலேயே நீதிமன்ற நகல் பிரிவில் இவற்றுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். ஆண்டுகள் கழித்துக் கேட்டால் கட்டுகள் அழிக்கப்பட்டிருக்கக்கூடும்.